பதினெட்டு கிராம் தண்ணீர்

பதினாறு வயதில் நான் கெமிஸ்ட்ரியில் தோற்றேன். மற்றப் பாடங்களில் எப்படியோ தேறிவிட்டேன். கெமிஸ்ட்ரி மட்டும் காலை வாரியது. அதிலும் முழுப் பாடமும் எனக்கு எதிரி இல்லை. உப்புகளின் நிறங்கள், எந்த வாயு எப்படி மணக்கும், எந்த உலோகம் தண்ணீரில் போட்டால் சீறும் என்பதெல்லாம் எனக்குப் பிடிக்கும். மோல் என்ற அத்தியாயம் வந்த அன்றுதான் கதவு மூடிக்கொண்டது.

ஆசிரியர் வெண்பலகையில் ஒரு சூத்திரம் எழுதினார். பொருளின் எடையை மோலார் எடையால் வகுத்தால் மோல் வரும். அதை நான் அப்படியே மனப்பாடம் செய்தேன். கணக்கில் இரண்டு எண்கள் கொடுத்தால் ஒன்றை மற்றொன்றால் வகுப்பேன். மூன்று எண்கள் கொடுத்தால் எதை எதால் வகுப்பது என்று தெரியாமல் மூன்றையும் பெருக்கிவிட்டு வருவேன். மோல் என்றால் என்ன என்று கையைத் தூக்கிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வகுப்பில் எல்லாருக்கும் புரிந்த மாதிரி இருந்தது. அவர்களும் என்னைப் பார்த்து அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அதன் பிறகு இருபத்து மூன்று வருடம் நான் மோலைப் பற்றி நினைக்கவே இல்லை. கப்பல் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். கல்யாணம் ஆனது. கணவர் பஸ் ஓட்டுநர். குவீன்ஸ்டவுனில் வீவக, அதாவது அரசு கட்டிய, பழைய அடுக்குமாடி வீடு ஒன்றில் நாங்கள் இருவர் மட்டும். அலுவலகத்தை மூடியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. அங்கே அறிவியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். கிடைத்துவிட்டது.

வேலை என்னவென்றால் கழுவுவது, துடைப்பது, அடுக்குவது. மாணவர்கள் சோதனை முடித்துப் போன பிறகு குடுவைகள், பிப்பெட்டுகள், பியூரெட்டுகள் எல்லாம் தட்டுத் தட்டாக என்னிடம் வரும். பிப்பெட் என்பது ஒரே அளவு திரவத்தை மட்டும் உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழாய். பியூரெட் என்பது சொட்டுச் சொட்டாக விட்டு அளந்து பார்க்கும் நீளக் குழாய், அடியில் ஒரு சிறு குழாயடைப்பு இருக்கும். முதலில் பிடி வழுக்கி இரண்டு பிப்பெட்டுகளை உடைத்தேன். மூன்றாவது மாதத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு கழுவும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சீன அம்மா, ஐம்பது வயதைத் தாண்டியவர், டெக்னீஷியன். கரைசல்கள் எல்லாம் அவர்தான் கலக்குவார். அவருக்குக் கீழே இன்னொரு டெக்னீஷியன் இருந்தார். அவர் வேலையை விட்டுப் போனதும் இரண்டு பேர் வேலை அந்த அம்மாவின் தலையில் விழுந்தது. காலையில் வந்தால் சாப்பாட்டு நேரம் வரை உட்காரமாட்டார்.

அந்தக் காலியிடத்துக்கு அறிவிப்பு வந்தது. உதவி டெக்னீஷியன், ஓ லெவல் கெமிஸ்ட்ரியில், அதாவது பதினாறு வயதில் நான் தோற்ற அதே பள்ளி இறுதித் தேர்வில், தேறியிருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்று அந்த வரியை நான் பல தடவை படித்தேன். பிறகு அந்த அம்மாவிடம் போய், என்னைப் போன்றவர்கள் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டேன். கெமிஸ்ட்ரி இருந்தால் ஏன் முடியாது என்றார். இல்லை என்றேன். அப்படியானால் எழுதித் தேறு என்று சொல்லிவிட்டுக் கையில் இருந்த குடுவையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். ஆள் கிடைக்க எப்படியும் ஒரு வருடம் ஆகும், சம்பளம் அப்படி என்று பின்னால் வேறு யாரோ சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“இந்த வயசுல எக்ஸாமா?”

“ஆமா.”

“கிளாஸ் எப்போ?”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றேன். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை சமையலைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவருக்குத் தெரிந்த சமையல் சாம்பாரும் முட்டைப் பொரியலும்தான். அடுத்த பத்து மாதம் ஞாயிறு தோறும் நாங்கள் சாம்பாரும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டோம்.

வகுப்பு லிட்டில் இந்தியாவில், ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருக்களில் நடப்பது எவ்வளவு சிரமம் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். விடுமுறை நாள் என்று தீவின் நாலு மூலையிலிருந்தும் ஊழியர்கள் வந்து சேர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவே புகுந்து, படியேறிப் போனால் பதினொரு பேர் உட்கார்ந்த ஒரு சின்ன அறை. தனியார் தேர்வர்களாக ஓ லெவல் எழுதுகிறவர்கள். வகுப்பு எடுத்த பெண் கெட்டிக்காரர், ஆனால் ரயில் வேகத்தில் பேசுவார்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் கப்பல் பட்டறை ஊழியர். முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒன்பது வருடம் ஆகிறது. தங்கும் விடுதியிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வருவார். முழுக்கைச் சட்டை, இஸ்திரி போட்டது. முதல் நாளே தாழ்ந்த குரலில், “அக்கா, தமிழ்தானே?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். கப்பல் உடலுக்குப் பூச்சு அடிக்கும் பிரிவில் வேலை. அந்தத் துறையில் டிப்ளமா படித்தால் மேற்பார்வையாளர் ஆகலாம், அதற்கு இங்கத்திய கெமிஸ்ட்ரி சான்றிதழ் கேட்கிறார்கள் என்றார். ஊரில் பிளஸ் டூ தமிழில் படித்தவர். வேதியியலில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். காலேஜுக்குப் போக வசதி இல்லை.

ஐந்தாவது வாரம் மோல் வந்தது. ஆறாவது வாரம் அதில் ஒரு சின்னத் தேர்வு, இருபது மதிப்பெண்ணுக்கு. நான் மூன்று வாங்கினேன். அவர் ஐந்து.

தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு வெளியே போகலாமா என்று நான் பார்த்தபோது அவர் தன் தாளை என் பக்கம் நகர்த்தினார். அவர் செய்திருந்த கணக்கெல்லாம் சரி. ஆனால் முக்கால்வாசிக் கேள்விகளைத் தொடவே இல்லை. ‘எக்ஸஸ்’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருந்தார். ஒரு பொருள் தேவைக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம் என்றேன். தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“அவ்வளவுதானா? மிகுதியா இருக்குன்னு சொல்றானா? இது தெரிஞ்சிருந்தா மூணு கணக்கு போட்டிருப்பேன் அக்கா.”

என் தாளை அவர் பார்த்தார். எனக்குக் கேள்விகளில் ஒரு சொல்லும் புரியாமல் இல்லை. ஆனால் ஒரு கணக்கும் வரவில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தால் ஒரு நல்ல மாணவர் கிடைப்பார் என்றேன். அன்றிலிருந்து வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே தேக்கா உணவங்காடியில் சந்திக்க ஆரம்பித்தோம். நான் கேள்விகளின் ஆங்கிலத்தைப் பிரித்துச் சொல்வேன், அவர் கணக்கைச் சொல்வார்.

முதல் ஞாயிறே நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “தம்பி, முதல்ல மோல்னா என்ன?”

அவர் தேநீரைக் கீழே வைத்தார். “எண்ணிக்கைதான்க்கா. டஜன்னா பன்னெண்டு. மோல்னா அதைவிடப் பெரிய ஒரு நம்பர். வேற ஒண்ணும் இல்ல.”

“அப்புறம் ஏன் எப்பப் பாத்தாலும் கிராம் கிராம்னு வருது?”

“அணுவை ஒவ்வொண்ணா எண்ண முடியுமா? அதனால எடை போட்டு எண்ணுறோம்.”

எடை போட்டு எண்ணுறோம். இருபத்து மூன்று வருடமாக நான் மோலை ஒரு வகை எடை என்றே நினைத்திருந்தேன். ஆங்கிலத்தில் பாடப் புத்தகம் அதைப் பொருளின் அளவு என்றுதான் சொல்லியிருந்தது. அளவு என்றால் எவ்வளவு என்று எடுத்துக்கொண்டு, நேராகத் தராசுக்குப் போய்விட்டேன். அவர் படித்த தமிழ்ப் புத்தகத்திலும் அதே சொல்தான் இருந்ததாம். ஆனால் அவருடைய வாத்தியார், அளவு என்றால் எத்தனை என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டார். எவ்வளவு, எத்தனை. அந்த இரண்டு சொல்லுக்கு இடையில் நான் விழுந்து கிடந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. சமையலறையில் கேக் செய்ய வாங்கிய சின்ன மின் தராசு இருந்தது. கொண்டைக்கடலையில் நூறு எண்ணி வைத்தேன். ஐம்பத்திரண்டு கிராம். பச்சைப்பயறில் நூறு எண்ணி வைத்தேன். ஐந்து கிராம். எண்ணிக்கை ஒன்றுதான், எடைதான் வேறு. கடலைக்கு நூறு வேண்டும் என்றால் ஐம்பத்திரண்டு கிராம் அள்ள வேண்டும், பயறுக்கு நூறு வேண்டும் என்றால் ஐந்து கிராம் போதும். கார்பனுக்குப் பன்னிரண்டு, மெக்னீசியத்துக்கு இருபத்து நாலு என்று அட்டவணையில் போட்டிருப்பது இதுதான். ஒவ்வொன்றிலும் அதே அளவு எண்ணிக்கை கிடைக்க எத்தனை கிராம் அள்ள வேண்டும் என்ற பட்டியல்.

கணவர் சாம்பாரைக் கிளறிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அரைக் கிலோ கடலைப் பொட்டலம் ஒன்று உடைக்காமல் இருந்தது. அதில் தொள்ளாயிரத்து அறுபத்தொரு கடலை இருக்கும் என்று அவரிடம் சொன்னேன். எப்படித் தெரியும் என்றார். கணக்கு என்றேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து மேசையில் கொட்டி, பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ண ஆரம்பித்தார். பஸ் ஓட்டுகிறவருக்குப் பொறுமை அதிகம். முக்கால் மணி நேரம் ஆனது. தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு.

“ஏழுதான் லா வித்தியாசம்,” என்றார். என்னை அவர் பார்த்த பார்வை அன்று முழுக்க எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு கணக்குகள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. எந்தக் கணக்கிலும் முதல் வேலை கிராமை எண்ணிக்கையாக மாற்றுவது. சமன்பாடு எண்ணிக்கையில்தான் பேசும். இதில் ஒன்றுக்கு அதில் இரண்டு என்று. அங்கே கணக்கை முடித்துவிட்டு, கேட்டால் மறுபடி கிராமுக்கு வரலாம். கரைசல் என்றால் ஒரு லிட்டரில் எத்தனை மோல் என்று பார்க்க வேண்டும். அடுத்த தேர்வில் எனக்குப் பதினேழு, அவருக்குப் பதினாறு. கட்டணத்தில் சேர்ந்திருந்த செய்முறை வகுப்புகளில் பியூரெட்டைப் பிடித்து அளக்கவும் பழகினோம். கழுவிக் கழுவிக் கை அறிந்த கண்ணாடிகள் ஆனதால் அதில் எனக்குப் பயமே இருக்கவில்லை.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பள்ளியில் அது நடந்தது.

அந்த வருடம் ஓ லெவல் எழுதும் உயர்நிலை நான்கு மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி. சோடியம் கார்பனேட் கரைசலைப் பிப்பெட்டில் இருபத்தைந்து மில்லி எடுத்துக் குடுவையில் விட்டு, பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டவிட வேண்டும். மஞ்சள் நிறம் ஆரஞ்சாக மாறும் இடத்தில் நிறுத்தி, எவ்வளவு அமிலம் இறங்கியது என்று படிக்க வேண்டும். இருபத்தைந்து புள்ளி பூஜ்யம் வர வேண்டும். வகுப்பு முடிந்ததும் கெமிஸ்ட்ரி ஆசிரியர் நாங்கள் இருக்கும் தயாரிப்பு அறைக்கு வந்தார். ஒருவருக்கும் சரியாக வரவில்லை, எல்லாருக்கும் குறைவாக வந்திருக்கிறது என்றார்.

டெக்னீஷியன் அம்மா தன் குறிப்பைப் பார்த்தார். லிட்டருக்குப் பத்து புள்ளி ஆறு கிராம், சரியாக நிறுத்துக் கலக்கியிருக்கிறார். பிறகு என் பக்கம் திரும்பினார். பிப்பெட்டுகளில் கழுவிய தண்ணீர் நின்றிருக்கும், அது கரைசலை நீர்க்க வைத்திருக்கும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவசரத்தில் இருக்கிறவர் சொல்வதுபோல் சொன்னார். ஆனால் ஆசிரியருக்கு முன்னால் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

அன்று ஒவ்வொரு பிப்பெட்டையும் மறுபடி கழுவி, கவிழ்த்து, உலர வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அடுக்கினேன். மறுநாள் காலை அந்த அம்மா புதிதாகக் கரைசல் கலக்கினார். அடுத்த வகுப்பு வந்தது. மறுபடியும் குறைவு. இந்த முறை ஆசிரியர் வாசலிலேயே நின்று, இப்படியே போனால் மாணவர்களுக்குத் தன்னம்பிக்கை போய்விடும் என்றார். கண்ணாடிகளைக் கழுவும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துப் பார்க்கலாமா என்று டெக்னீஷியன் அம்மா அவரிடம் கேட்டது எனக்குக் கேட்டது. உதவி டெக்னீஷியன் வேலைக்கு நான் கொடுத்திருந்த விண்ணப்பம் அப்போது அலுவலகத்தில் இருந்தது. தேர்வு முடிவு வந்ததும் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். பிப்பெட் கழுவத் தெரியாதவளுக்குக் கரைசல் கலக்கும் வேலை யார் கொடுப்பார்கள்?

அவர்கள் போன பிறகு மேசையைத் துடைக்கப் போனேன். இரண்டு நாள் வகுப்புகளிலும் மாணவர்களுக்கு வந்த அளவுகளை ஆசிரியர் வெண்பலகையில் எழுதி வைத்திருந்தார். அழிக்கக் கையைத் தூக்கியவள் நின்றேன். 21.4, 21.3, 21.4, 21.5, 21.4. பலகை முழுக்க அதேதான்.

தண்ணீர் நின்றிருந்தால் ஒரு பிப்பெட்டில் கொஞ்சம் நிற்கும், இன்னொன்றில் நிற்காது. ஒருவருக்கு இருபத்து நாலு வரும், இன்னொருவருக்கு இருபத்திரண்டு வரும். இருபது பேருக்கு இருபது விதமாகத் தவறு வர வேண்டும். இவர்களுக்கு ஒரே தவறு வந்திருக்கிறது. அதுவும் இரண்டு நாளும் அதே தவறு. இது என் கையால் வந்தது இல்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தால் போதாது, காட்ட வேண்டும்.

மத்தியான இடைவேளை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வைத்துவிட்டு, பழைய சோதனைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். அமிலம் கம்பெனியிலிருந்து ஆயத்தமாக வருவது, லிட்டருக்கு 0.2 மோல். அதை நான் சந்தேகிக்கவில்லை. 21.4 மில்லி இறங்கியிருக்கிறது. அப்படியானால் இறங்கிய அமிலம் 0.00428 மோல். ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு அமிலம், அதனால் பாதி, 0.00214. அது இருபத்தைந்து மில்லியில் இருந்தது. ஒரு லிட்டருக்கு நாற்பது மடங்கு, 0.0856 மோல்.

வர வேண்டியது 0.1. குடுவைக்குள் போனது பத்து புள்ளி ஆறு கிராம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அம்மா நிறுப்பதில் தவறு செய்யவே மாட்டார். எடை சரி, எண்ணிக்கை குறைகிறது. எடை அதேதான், ஆனால் எண்ணிக்கை குறைகிறது என்றால், ஒவ்வொன்றும் நினைத்ததைவிடக் கனமாக இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு கனம்? 10.6 ஐ 0.0856 ஆல் வகுத்தேன். 123.8 வந்தது. கிட்டத்தட்ட நூற்று இருபத்து நாலு.

சோடியம் கார்பனேட்டுக்கு நூற்று ஆறு. நூற்று இருபத்து நாலில் நூற்று ஆறு போனால் பதினெட்டு.

பதினெட்டு என்ற எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஹைட்ரஜன் இரண்டு, ஆக்ஸிஜன் பதினாறு. தண்ணீர். காரணம் தண்ணீர்தான், அந்த அம்மா சொன்னது சரி. ஆனால் அது நான் பிப்பெட்டில் விட்ட தண்ணீர் இல்லை. உப்பின் உள்ளேயே, ஒவ்வொரு கார்பனேட்டோடும் ஒரு தண்ணீர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பார்த்தால் உலர்ந்த வெள்ளைத் தூளாகத்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

இரசாயன அலமாரியின் சாவி என்னிடம் இல்லை. அந்த அம்மா தன் மேசையில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று, சோடியம் கார்பனேட் ஜாடியை ஒரு நிமிடம் பார்க்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எதற்கு என்றார். தாளை மேசையில் வைத்தேன்.

முதல் வரியில் ஆரம்பித்து மெதுவாகப் படித்தார். மூன்றாவது வரியில் ரொட்டியைக் கீழே வைத்தார். பதினெட்டு என்று நான் இரண்டு தடவை கோடு போட்டிருந்த இடத்துக்கு வந்ததும் எழுந்து அலமாரியைத் திறந்தார். அது புதிய ஜாடி. பழைய கம்பெனியை மாற்றி வேறு ஒரு கம்பெனியிடம் வாங்கியது, இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்தது. மூடி நிறம்கூட அதேதான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தார். பிறகு ஜாடியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். Na2CO3, ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் H2O. கீழே சின்ன எழுத்தில் 124.

நான் லேபிளை இன்னொரு முறை படித்தேன்.

“இதை வைத்து லிட்டருக்கு எவ்வளவு எடுக்க வேண்டும்?” என்று அவர் கேட்டார். என்னைச் சோதிப்பதற்காகக் கேட்டதுபோல் இருக்கவில்லை. கூட வேலை செய்கிறவரிடம் கேட்பதுபோல் கேட்டார்.

“பன்னிரண்டு புள்ளி நாலு.”

அவர் தலையாட்டினார். தராசில் நிறுத்தார், கலக்கினார். பியூரெட்டில் அமிலத்தை நிரப்பியதும் விலகி நின்று, நீயே செய் என்றார். நான் பிப்பெட்டில் இருபத்தைந்து மில்லி எடுத்துக் குடுவையில் விட்டேன். இரண்டு துளி நிறங்காட்டி. மஞ்சள். குழாயடைப்பைத் திருகினேன். இருபது தாண்டியது. இருபத்தொன்று புள்ளி நாலு தாண்டியது, இன்னும் மஞ்சள். இருபத்து நாலு வந்ததும் சொட்டுச் சொட்டாகக் குறைத்தேன். குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டு விழுந்து குடுவை முழுக்க ஆரஞ்சு ஆனது.

அவர் குனிந்து படித்தார். “இருபத்தைந்து புள்ளி பூஜ்யம்.”

சாயங்காலம் ஆசிரியர் வந்தபோது நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாவே சொன்னார். புதிய ஜாடியின் லேபிளைப் படிக்காதது தன் தவறு என்றார். இவள் கழுவியதில் ஒரு குறையும் இல்லை, நேற்று உங்கள் முன்னால் இவளைச் சொன்னதை உங்கள் முன்னாலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆசிரியர் என் தாளைக் கையில் வாங்கி நின்றபடியே படித்தார்.

“இதை யார் போட்டது?”

“நான்,” என்றேன்.

அவர் மறுபடி ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். இதை நகல் எடுத்துக்கொள்ளலாமா, மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். அடுத்த வாரம் உயர்நிலை நான்கு மாணவர்கள் ஒவ்வொருவர் கையிலும் என் கையெழுத்து இருந்தது. தங்களுக்கு ஏன் 21.4 வந்தது என்பதை அவர்கள் அந்தத் தாளை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். என்னைக் கடந்து போன ஒரு பெண், ஆன்ட்டி, பதினெட்டு வந்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும்தான் என்று சொல்வதற்குள் படியிறங்கிவிட்டாள்.

அந்த ஞாயிறு தேக்காவில் கப்பல் பட்டறைத் தம்பியிடம் முழுக்கதையையும் சொன்னேன். முடிந்ததும் அந்தக் கணக்கைத் தன் நோட்டில் ஒரு முறை தானே போட்டுப் பார்த்தார். நூற்று இருபத்து நாலு வந்ததும் பேனாவை மூடினார்.

“எனக்கு இது தோணியிருக்காதுக்கா,” என்றார். “கேள்வியா கேட்டா போட்டிருப்பேன். கேள்வியே இல்லாத இடத்துல நீங்க கேள்வியக் கண்டுபிடிச்சிருக்கீங்க.”

அவர் பேச்சில் அதிகம் புகழ்கிறவர் இல்லை. அன்று தேநீருக்கு அவர்தான் காசு கொடுப்பேன் என்று நின்றார்.

தேர்வு அறையில் எனக்கு இருபக்கமும் என் வயதில் பாதிகூட இல்லாதவர்கள். இரண்டாம் தாளில் ஒரு பெரிய மோல் கணக்கு வந்தது, எட்டு மதிப்பெண். ஒரு பொருள் மிகுதியாக இருந்தது. அதைப் படித்ததும் நகரின் இன்னொரு மூலையில் அதே தாளைத் திறந்திருக்கும் தம்பியை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. கண்காணிப்பாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கணக்கைப் போட்டு, திருப்பிச் சரிபார்த்து, அடிக்கோடு போட்ட பிறகும் இருபது நிமிடம் மிச்சம் இருந்தது.

முடிவு ஜனவரியில் வந்தது. கணவருக்கு அன்று காலை வேலை. ஓய்வு நேரத்தில் பஸ் நிலையத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன வந்துச்சு?”

“A2.”

அவர் பக்கத்தில் இருந்த மற்ற ஓட்டுநர்களிடம், என் வீட்டுக்காரி கெமிஸ்ட்ரியில ஏ வாங்கிட்டா என்று சொல்வது கேட்டது. யாரோ கை தட்டினார்கள். ஏ டூ என்று நான் திருத்தியது அவருக்குக் கேட்டிருக்காது.

தம்பிக்கு B3. ஆங்கிலத்தில் எழுதிய முதல் தேர்வில் B3. டிப்ளமா வகுப்பில் அவருக்கு இடம் கிடைத்தது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்து வகுப்புக்குப் போகிறார். அவருடைய பட்டறையில் பூச்சுக் கலவைகளைச் சரிபார்க்கும் இடத்துக்கு அவரை மாற்றியிருக்கிறார்கள்.

எனக்கு நேர்முகத் தேர்வு பிப்ரவரியில். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் டெக்னீஷியன் அம்மாவும் ஒருவர். மற்ற இருவரும் கேள்விகள் கேட்டார்கள், பதில் சொன்னேன். அவருடைய முறை வந்தபோது, எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை, எப்போது வேலைக்கு வருவாய் என்பதைத் தவிர என்றார்.

மார்ச் முதல் திங்கட்கிழமை புது மேலங்கியில், இரசாயன அலமாரியின் சாவியோடு உள்ளே போனேன். அன்றைக்குத் தேவையான கரைசல்கள் பட்டியலில் ஆறு இருந்தன. முதலாவது காப்பர் சல்ஃபேட். ஜாடியை எடுத்து, முதலில் லேபிளைப் படித்தேன்.